தாள் பிரிந்தது, கதை சிதறியது!

2022-ம் ஆண்டு அக்டோபர் மாதம் லண்டன் நகரில் ஓர் ஏலம். அதில் ஒரே ஒரு தாள் 80 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது!

அந்தத் தாளில் ஒரு படம். பாரசீக வீரன் ருஸ்தம், பகை மன்னனின் குதிரை மந்தைக்குள் புகுந்து தன் குதிரையை மீட்கிறான்.

இந்தக் கதை "ஷாநாமா"வில் வருகிறது. "மன்னர் நூல்" என்பது அதன் பொருள். புலவர் பிர்தௌசி இதை 1010-ம் ஆண்டையொட்டிப் பாடி முடித்தார். 16-ம் நூற்றாண்டில், பாரசீக மன்னர் தமாஸ்புக்காக ஓவியர்கள் 258 படங்களுடன் ஒரு பிரதி தயாரித்தார்கள்.

பிரித்தவர் யார்?

அந்தப் பிரதியை 1959-ல் ஹௌட்டன் என்ற அமெரிக்கச் செல்வர் வாங்கினார். தாள் தாளாகப் பிரித்தார். 78 படங்களை நியூயார்க் காட்சிசாலைக்குக் கொடுத்தார். பல படங்களை விற்றார். கடைசியில் எஞ்சிய 118 படங்களை ஈரான் 1994-ல் பெற்றது. அதற்கு ஈடாக ஒரு நவீன ஓவியத்தைக் கொடுத்தது.

இன்று ஒரு படத்தைப் பார்ப்பவருக்கு அடுத்த படம் இல்லை. கதை அறுந்துவிட்டது.

நம் மண்ணில்...

மந்தையைக் காத்த வீரர்களின் படம் நம்மிடமும் உண்டு. அது தாளில் இல்லை, கல்லில்!

ஜவ்வாது மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரம். அங்கே ஏராளமான நடுகற்கள் இருக்கின்றன. தமிழக அரசின் தொல்பொருள் துறை இவற்றை 1972-ல் நூலாக வெளியிட்டது. எடுத்தனூர்க் கல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளுக்காக நடந்த சண்டையில் மாண்ட கருந்தேவக்கத்தியின் உருவம் அதில் உள்ளது. பக்கத்தில் ஒரு நாய்! "கோவிவன்" என்பது அதன் பெயர். இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். கல்வெட்டே சொல்கிறது.

அங்கே படம் மன்னருக்கு. இங்கே மன்னன் பெயர் ஆண்டுக் கணக்குக்கு. படம் மாடு காத்தவனுக்கும் நாய்க்கும்!

காப்பது எப்படி?

இத்தனை காலம் இக்கற்களைக் காத்தவர்கள் யார்? அவற்றை "வேடியப்பன்" என்று கும்பிடும் ஊர் மக்கள்தான். நடுகல்லுக்கு அது நிற்கும் நிலமே புத்தகம். ஊர் தெரியாமல் பெயர்த்தெடுத்த கல், பிரித்து விற்ற தாளைப் போன்றதுதான்.

வயலில் எழுத்துள்ள கல் அகப்பட்டால் படிக்கல் ஆக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ, தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். ஒரு வீரனின் கதை பிழைக்கும்!