லயத்துக் கூரைக்கு நாள் குறிப்பவர் யார்?

சில மாதங்களுக்கு முன் ரொறன்ரோவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஸ்காபரோவில் உள்ள தமது வீட்டுக் கூரையின் படங்கள் நான்கை இணைத்து, இதை முழுவதும் மாற்ற வேண்டுமா அல்லது ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்டிருந்தார். நண்பர் பதுளை மாவட்டத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதியவனுக்குக் கூரையும் தெரிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

அங்குள்ள கூரைகளில் பெரும்பாலானவை 'சிங்கிள்' எனப்படும் தாரூட்டிய அட்டைகளால் வேயப்பட்டவை. பொதுவாக இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். அட்டையின் மேல் ஒட்டியிருக்கும் கல்மணிகள் உதிர்ந்து பீலியில் மணலைப்போலச் சேரத் தொடங்கினால் வயதாகிவிட்டது என்று பொருள். விளிம்புகள் சுருண்டு மேலெழுவது அடுத்த அறிகுறி. வெயில் அதிகம் படும் தெற்குச் சரிவு முதலில் தேயும். ஓரிடத்தில் மட்டும் ஒழுகினால் கோளாறு அட்டையில் இருக்க வேண்டியதில்லை. புகைபோக்கியைச் சுற்றியுள்ள தகட்டிலும் இருக்கலாம். இவற்றையெல்லாம் நண்பரே தேடிப் படித்திருந்தார். அவரைக் குழப்பியது வேறொன்று. புயல் அடித்த மறுவாரமே கதவைத் தட்டிய கூரை வேலைக்காரர், முழுவதையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். மாற்றினால் காசு பெறப்போகிறவர் அவர்தானே! அவர் வேறு எப்படிச் சொல்வார்?

அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது பசறைப் பக்கத் தோட்டமொன்றில் நான் பார்த்த லயம். அங்கே நிலைமை நேர் எதிர். கூரையை மாற்றினால் காசு கொடுக்க வேண்டியவரே அதன் ஆயுளையும் தீர்மானிக்கிறார். அதனால் அந்தக் கூரைக்கு ஒருபோதும் வயதாவதில்லை.

லயத்துக் கூரை பற்றி வெளிநாட்டு வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். துத்தநாகம் பூசிய நெளித்தகரம் அது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் போட்ட தகரத்தை இன்றும் சில தோட்டங்களில் காணலாம். துத்தநாகப் பூச்சு தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கிறது; அது தீர்ந்த பிறகுதான் செந்துரு பிடிக்கும். துரு முதலில் தோன்றும் இடங்கள் மூன்று: ஆணி இறங்கிய துளை, தகரத்தின் மேல் தகரம் ஏறியிருக்கும் விளிம்பு, இறவாரம். ஆணித் துளையில் மட்டும் துரு என்றால் வாசருடன் புதிய ஆணி அடித்துத் தப்பலாம். ஏற்றுவிளிம்பில் துரு படர்ந்துவிட்டால் அந்தத் தகரம் முடிந்தது. இரு தகரங்களுக்கும் இடையில் ஈரம் ஏறி நின்று, வெளியே தெரியாமல் தின்றிருக்கும். தார் பூசுவதால் அது நிற்காது, மறையும்.

தோட்டத்துப் பெண்களுக்கு இந்தப் பரிசோதனைகள் எதுவும் தேவையில்லை. நடுப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். எத்தனை 'நட்சத்திரம்' தெரிகிறதோ அத்தனை பாத்திரங்கள் மழைக்கு வேண்டும். ஆனால் விறகடுப்பின் புகை ஆண்டுக்கணக்கில் படிந்து தகரத்தின் அடிப்புறம் கரியேறிக் கிடப்பதால், கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இடமும் விரலால் அழுத்தினால் பொடியாகும். அதைவிட முக்கியம் மரம். கைமரமும் சலாகையும் ஆணியைப் பிடிக்காத அளவுக்கு உளுத்துவிட்டால் மேலே எந்தத் தகரத்தைப் போட்டாலும் பயனில்லை. ஊவாவில் ஆனி, ஆடி மாதங்களில் வீசும் கச்சான் காற்று தேயிலைக்கு நல்ல மணத்தைத் தருவதாகச் சொல்வார்கள். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த காற்று அது. அதே காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்கத்தான் லயத்துக் கூரைகளின் மேல் கற்களும் மணல்மூட்டைகளும் பழைய டயர்களும் கிடக்கின்றன. கூரையின் மேல் பாரம் ஏற்றிவைத்திருக்கும் லயத்தைக் கண்டால், அதற்குள் சென்று பார்க்கவே வேண்டாம். ஆணி பிடிக்கவில்லை என்பதை அந்தக் கற்களே சொல்கின்றன.

சரி, குடியிருப்பவரே மாற்றிக்கொள்ளக் கூடாதா? கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் காசில் சிலர் மாற்றியும் இருக்கிறார்கள். ஆனால் லயம் தனிவீடு அல்ல. ஒரே முகட்டின் கீழ் பத்து, இருபது காம்பிராக்கள். நடுக்காம்பிராக்காரர் தமது பங்கை மட்டும் மாற்றினால் அவருடைய புதுத் தகரமும் பக்கத்துக் காம்பிராவின் இற்றுப்போன தகரமும் சேரும் இடத்தில் ஒழுக்கு தொடங்கும். அதற்கு மேலாக, கட்டடம் அவருடையதல்ல. காணி அரசுடையது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. குடியிருப்பவர் கையில் உறுதி இல்லை. துரையின் அனுமதியின்றி ஒரு சுவரை நகர்த்தினாலும் கேள்வி வரும். சொந்தமில்லாத கூரையில் ஒரு தொழிலாளி தமது சேமிப்பை ஏற்றுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

தகரத்துக்கு மாற்றாக வந்த அஸ்பெஸ்டஸ் சீட்டின் கதை தனி. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இலங்கையும் 2018 சனவரி முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் கப்ரா வண்டு இருந்ததாகக் கூறி, அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் ரஷ்யா நமது தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. சில நாட்களுக்குள் இலங்கை தனது அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டை ஒத்திவைத்தது. தேயிலைத் தடையும் நீங்கியது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்ப விரும்புபவர்கள் நம்பலாம். நான் செய்தி ஆசிரியராக இருந்தவன், என்னால் முடியவில்லை. கொழுந்து பறித்தவருடைய தேயிலையை விற்பதற்காக அவருடைய தலைக்கு மேலேயே அந்தச் சீட்டு நிலைத்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா இடத்திலும் கூரையை மாற்று என்று கூவுவதும் தவறு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கே புதுத் தகரம் போட்டிருந்தால் அதுவும் மண்ணுக்குள் போயிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பெய்த மழையில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. எனவே கூரையைப் பார்க்க வருபவர் முதலில் பார்க்க வேண்டியது லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவை. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாக ஊறும் கலங்கல் நீர் இவற்றைக் கண்டால் தகரக் கணக்கை மடித்து வைத்துவிட்டு மக்களை வெளியேற்றும் வழியைப் பார்க்க வேண்டும். தேர்தலுக்கு முன்பு லொறியில் வந்திறங்கும் தகரக் கட்டுகளை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காணி கொடுக்க வேண்டிய இடத்தில் தகரம் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

என் கோரிக்கை பெரிதல்ல. முன்பெல்லாம் தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவிடச் சட்டம் இடங்கொடுக்கவில்லை என்ற சாக்கு இருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தச் சாக்கு இப்போது இல்லை. ஊவாவுக்குப் பெருமழை ஐப்பசிக்குப் பின்புதான். அதற்கு முந்திய வறண்ட மாதங்களில் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஏணியோடு வந்து ஒவ்வொரு லயமாக ஏறிப் பார்த்து, மாற்ற வேண்டியது, பழுதுபார்க்கக் கூடியது, ஆட்களை அகற்ற வேண்டியது என்று எழுதிக் கையொப்பமிட்டுப் பெரட்டுக் களத்தில் ஒட்ட வேண்டும். தகரம் விற்பவரும் வேண்டாம், காசு கொடுக்கும் கம்பனியும் வேண்டாம். எழுத்தில் இருந்தால் அடுத்த மழையில் யாரைக் கேட்பது என்றாவது தெரியும்.

நண்பருக்குத் தெற்குச் சரிவை மட்டும் இந்தக் கோடையில் மாற்றும்படியும், அதற்கு முன் வேறு இருவரிடம் விலை கேட்கும்படியும் எழுதினேன். நன்றி சொல்லிப் பதில் போட்டவர், தம் அக்கா இன்னும் பழைய காம்பிராவில்தான் இருக்கிறார், அதற்கு எத்தனை தகரம் தேவைப்படும், காசு அனுப்புகிறேன் என்று கேட்டிருந்தார். ஒரு காம்பிராவுக்கு என்று கணக்குச் சொல்ல முடியாது, அந்த லயத்தில் இருபத்து நான்கு காம்பிராக்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.