'சுகர் ஃப்ரீ' தட்டில் என்ன இருக்கிறது?

தீபாவளி நெருங்கினால் இனிப்புக் கடைகளில் 'சுகர் ஃப்ரீ' என்று எழுதிய தட்டு தனியாக வந்துவிடும். மைசூர்பாகு, பால்கோவா, முந்திரி கத்லி. சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கோ மாமியாருக்கோ என்று அரைக் கிலோ, ஒரு கிலோ வாங்கிப் போகிறார்கள். பண்டிகையன்று வீட்டுப் பெரியவர் மட்டும் காராச்சேவைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்? அந்த அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் கவலையெல்லாம் அந்தத் தட்டைப் பற்றித்தான்.

பலகாரம் செய்கிறவர்களுக்குத் தெரியும், சர்க்கரை வெறும் இனிப்புக்காக மட்டும் சேர்ப்பதில்லை. பாகு கம்பிப் பதம் வந்தால்தான் மைசூர்பாகைத் துண்டு போட முடியும். பாகு பதம் தப்பினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சுக்ரலோஸ் அதைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு. ஒரு கிலோ சர்க்கரையின் இனிப்பை 2 கிராமுக்கும் குறைவான பொடியே கொடுத்துவிடும். ஆனால் அது பாகு ஆகாது. மீதி எடைக்கு எதையாவது போட்டு நிரப்பத்தான் வேண்டும். மால்டிடால், மால்டோடெக்ஸ்ட்ரின் போன்றவை இப்படித்தான் உள்ளே வருகின்றன. மால்டிடாலில் சர்க்கரையைப் போலப் பாதி அளவு கலோரி உண்டு, அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கு வரும். மால்டோடெக்ஸ்ட்ரினோ மாவுச்சத்திலிருந்து எடுப்பது. ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். நெய்யும் கடலை மாவும் முந்திரியும் எப்போதும் போல அப்படியே இருக்கின்றன. 'சர்க்கரைதான் இல்லையே' என்று நான்கு துண்டு சாப்பிடுகிறவர், அளவோடு ஒரு துண்டு சாப்பிட்டவரைவிட மோசமான நிலைக்குத்தான் போவார்.

காபியில் போடும் இனிப்பு மாத்திரை வேறு விஷயம். சர்க்கரை நோயாளிக்கு அது உண்மையிலேயே உதவி. அஸ்பார்டேம் என்றால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு போட வேண்டும், கொதிக்கவிட்டால் இனிப்பு போய்விடும். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. புற்றுநோய் வருமோ என்று 2023 ஜூலையில் ஒரு பயம் பரவியது. அப்போதும் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை உலக சுகாதார நிறுவனம் பங்கேற்கும் நிபுணர் குழு மாற்றவில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 2,400 மில்லிகிராம். இரண்டு வேளைக் காபி அதன் பக்கத்தில்கூட வராது.

உடம்பு இளைக்க வேண்டும் என்று டயட் கோலா குடிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. எடையைக் குறைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை மட்டும் அந்த அறிவுரையில் அது சேர்க்கவில்லை. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்று மாறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரண்டிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான்.

இந்தத் தீபாவளிக்கு 'சுகர் ஃப்ரீ' வாங்கினால், பெட்டியின் பின்பக்கம் உள்ள பட்டியலைப் படியுங்கள். தட்டிலிருந்து நிறுத்து வாங்கினால், சர்க்கரைக்குப் பதிலாக என்ன சேர்த்தீர்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குச் சொல்லத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.