‘ஆங்கிலத்திலேயே எண்ணு’ என்னும் ஏமாற்று

“ஆங்கிலம் பேசவேண்டுமா? ஆங்கிலத்திலேயே எண்ணு!” என்று நாற்சந்திதோறும் பலகை மாட்டி வைத்திருக்கின்றனர் ஆங்கில வணிகர். மூன்று அகவைக் குழவிக்கும் இதுவே ஓதப்படுகின்றது. வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் கெட்டுப்போகுமாம்! அதனை நம்பிய பெற்றோர் தம் மக்களிடம் தமக்கே வாராத ஆங்கிலத்தில் உளறுகின்றனர்.

எண்ணம் என்ன, சட்டையா, கழற்றி மாற்றுதற்கு? ஒவ்வொரு மொழியும் தன்னைப் பேசுவான் சிலவற்றை நோக்கியே தீரவேண்டும் என்று பணிக்கின்றது. தன்மைப் பன்மை சொல்லுமுன், கேட்பான் உள்ளடங்குவானா புறத்தே நிற்பானா என்று தமிழன் தெளிந்தாகவேண்டும். நாம் வேறு, நாங்கள் வேறு. ஆங்கிலேயனுக்கு ‘வீ’ ஒன்றே போதும். “நீ எத்தனையாவது பிள்ளை?” என்று தமிழ்ச் சிறுவன் எளிதாகக் கேட்பதை ஆங்கிலத்தில் ஒரு சொல்லால் கேட்க வழியில்லை. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் முறையே இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கூற்று என்று பிரித்துக் காட்டினார் தொல்காப்பியர். ஆங்கிலம் அம்மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றது. ஆங்கிலத்திற்கும் இத்தகைய கட்டாயங்கள் உண்டு. பெயருக்குமுன் ‘ஏ’யா ‘தி’யா என்று தமிழ் மாணவன் தடுமாறுவது அறிவுக் குறைவாலன்று, அந்த வேறுபாட்டை அவன் மொழி அவனிடம் என்றும் கேட்டதில்லை.

இதனை மிகைப்படுத்தியோரும் உளர். 1941-இல் மறைந்த அமெரிக்க அறிஞர் உவோர்ஃபு, ஓப்பி மக்களின் மொழியில் காலத்தைக் குறிக்கும் சொற்களே இல்லையென்று எழுதினார். அம்மொழியில் அவை நிரம்ப உள்ளன என்று 1983-இல் மாலோட்கி தம் பெருநூலில் காட்டிவிட்டார். ஆகவே மொழி எண்ணத்திற்குச் சிறையன்று; தடம். வண்டி தடத்தைவிட்டு விலகலாம். ஆயினும் எளிதாக ஓடுவது தடத்திலேதான். பேசுதற்கென எண்ணும் முறை இளமையிலேயே பதிந்துவிடுவதால், இரண்டாம் மொழி கற்பார் அதனை மாற்றிக்கொள்வது அரிது என்றே சுலோபினும் கூறுகின்றார்.

முதல் தடம் ஆழப் பதிந்தபின் இரண்டாவதைப் போடுவதே முறை. பிள்ளை அயன்மொழியைத் தாய்மொழிப் பொருள்களின்மீது ஊன்றிநின்றே கற்கின்றது என்று உருசிய உளநூலறிஞர் வைகோத்சுகி 1934-இல் வெளிவந்த நூலில் விளக்கினார். தொடக்கக் கல்வி தாய்மொழியிலேயே வேண்டும் என்று 1953-இல் யுனெசுகோ அறிக்கையும் வலியுறுத்திற்று.

மூன்று அகவையிலேயே தொடங்கினால் ஆங்கிலமே முதல் தடமாகிவிடாதா என்பர். எங்ஙனம் ஆகும்? தெருவில் ஆங்கிலமில்லை, பாட்டி வாயில் ஆங்கிலமில்லை. அதனை இரண்டாம் மொழியாகக் கற்ற ஓர் ஆசிரியரின் வாயில் மட்டும் சில நாழிகை உண்டு. விளைவு, இரு தடமும் பதியாமை. “காலை வணக்கம்” என்கின்றான். “குளியல் எடுத்தேன்” என்கின்றான். எனக்கு இரு தங்கையர் என்னாமல் “என்னிடம் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்” என்கின்றான். உடன்பிறந்தாள் கைப்பொருளாகிவிட்டாள்! இவனுடைய ஆங்கிலமாவது செம்மையா என்றால், அதுவுமில்லை.

ஐந்தாம் வகுப்புவரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழி என்று 1999-இல் தமிழக அரசு இட்ட ஆணையைச் சென்னை உயர்முறை மன்றம் 2000-இல் நீக்கிவிட்டது. வழக்குத் தொடுத்தோர் வெள்ளையர் அல்லர்.

ஆங்கிலம் வேண்டுவார் கற்கட்டும், நன்றாகவே கற்கட்டும். ‘வீ’ என்பதற்கருகில் நாம், நாங்கள் இரண்டையும் எழுதி, எங்கே எது என்று தமிழில் விளக்கும் ஆசிரியரிடம் கற்கும் பிள்ளைக்கு இருமொழியும் விளங்கும். அத்தகைய ஆசிரியர் வகுப்பில் தமிழ் பேசக்கூடாதென்று வாயடைக்கும் பள்ளிகளும், தமிழ் பேசிய பிள்ளைக்குத் தண்டம் விதிக்கும் பள்ளிகளும் தமிழ் மண்ணிலேயே உள்ளன. அத்தண்டக் காசைக் கொடுத்தனுப்புவோர் தமிழ்ப் பெற்றோர்.