கூலிப்படை என்னாதீர்!

பிறிதொரு நாட்டின் உள்நாட்டுப் போரில் ஆயுதம் ஏந்தியோர் யாவரும் கூலிப்படையினரே என்பார் சிலர். அன்னார் ஸ்பெயின் வரலாற்றைச் சற்றே புரட்டட்டும். 1936இல் குடியரசை வீழ்த்தக் கிளர்ந்த பிராங்கோவுக்கு ஹிட்லரும் முசோலினியும் படை அனுப்பினர். பிரிட்டனும் பிரான்சும் ‘தலையிடாமை’ என்னும் போர்வைக்குள் ஒளிந்தன. அரசுகள் கைவிட்ட அக்குடியரசைக் காக்க ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 35,000 தொண்டர்கள் சென்றனர். நாகபுரியின் கோபால் முகுந்த் ஹுத்தாரும் அவர்களுள் ஒருவர். அவர்களைத் திரட்டியது கம்யூனிஸ்டு அகிலம் என்பது மெய்யே. ஆயினும், ஆயிரக்கணக்கானோர் அம்மண்ணில் மடிந்தது கூலிக்காகவா? 1996இல், எஞ்சியிருந்த முதியோருக்கு ஸ்பெயின் குடியுரிமை வழங்க முன்வந்தது. கூலிக்கு வந்தவனை அறுபதாண்டு கழித்து எந்நாடு மகனென அழைக்கும்? பூங்குன்றனாரை மேடைதோறும் போற்றிவிட்டு, வாழவந்த ஊரின் துயரை வேற்றார் துயரென ஒதுங்கும் நாமோ அவர்களை இகழத் தக்கவர்?