கண்டதும் கேட்டதும்: மேடையிலிருந்து வந்த வேதப்புத்தகம்

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் நேயர் சிலருக்குப் புதுமையாகவும், வேறு சிலருக்குச் சற்றுக் கசப்பாகவும் இருத்தல் கூடும். காதைத் துளைக்கும் மின்கிதார் இசை. தோள்வரை முடி வளர்த்த பாடகர். அவர்கள் பாடுவதோ இயேசு பெருமானின் புகழ். இம்மூன்றும் ஓரிடத்தில் பொருந்துமோ என்பது அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கு. அவ்வழக்கு எதிர்பாராத வகையில் நம் சங்கத்தின் படிப்பறைக்கும் வந்து சேர்ந்தது.

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நெல்லைச் சீமையிலிருந்து இந்நகருக்கு வந்து குடியேறிய குடும்பம் ஒன்று படிப்பறைக்கு வந்திருந்தது. கலிபோர்னியாவில் சில ஆண்டுகளாக வேலை பார்க்கும் மகனும் விடுமுறையில் வந்தவர் உடனிருந்தார். அவருடைய பெட்டியை ஒழுங்குசெய்தபோது தாயார் கண்டெடுத்த உள்ளங்கையளவு ஆங்கிலப் புதிய ஏற்பாடு ஒன்று மேசைமீது வைக்கப்பட்டது. அதன் அட்டைமேல் மஞ்சளும் கறுப்புமாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

“இது எந்தக் கோயிலில் கொடுத்தது, தம்பி?” என்று தாயார் கேட்டிருக்கிறார். “கோயிலில் இல்லை, அம்மா. பாட்டுக் கச்சேரியில் மேடையிலிருந்து எறிந்தார்கள், நான் பிடித்தேன்” என்று மகன் மறுமொழி சொல்லியிருக்கிறார். அதன்பின் இரண்டு நாள் அவ்வீட்டில் சரியான பேச்சு இல்லை. வேதப்புத்தகத்தை எறிவதா என்பது தாயாரின் வருத்தம். அதனைப் பிடித்த இரவே தம் அயல்நாட்டு வாழ்வில் மறக்கவொண்ணாத இரவு என்பது மகனின் நிலை. இருவரும் நல்லவர்; இருவரும் நம்பிக்கை உடையவர். நாம் இருவர் பேச்சையும் செவிமடுத்தோம்.

மகன் கேட்டு மகிழ்ந்த குழுவின் பெயர் ஸ்டிரைப்பர். தென் கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் மைக்கேல் ஸ்வீட், ராபர்ட் ஸ்வீட் என்னும் உடன்பிறந்தார் இருவர் முதலில் ராக்ஸ் ரெஜீம் என்ற பெயரில் குழு நடத்திவந்தனர். ஆஸ் பாக்ஸ், டிம் கெய்ன்ஸ் என்னும் இசைக் கலைஞர் இருவரும் அவர்களோடு இணைந்து புகழ் பெற்றனர். இவர்களுடைய இசை ஹெவி மெட்டல் என்னும் வகையைச் சார்ந்தது. மின்கிதாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்து, டிரம்மின் இடிமுழக்கத்தோடு உச்சக் குரலில் பாடுவது அவ்வகையின் இயல்பு. அந்நாளில் அத்தகைய குழுக்கள் பலவும் மதுவையும் மங்கையரையும் பாடின. சாத்தானையே மேடைப்பொருளாக்கிய குழுக்களும் இருந்தன. அச்சூழலில்தான் இவர்கள் தம் பாட்டைக் கிறிஸ்துவுக்கு உரியதாக்குவதென முடிவு செய்து, பெயரையும் மாற்றிக்கொண்டனர்.

‘ஸ்டிரைப்’ என்னும் ஆங்கிலச் சொல் கோட்டையும் குறிக்கும். சாட்டையடித் தழும்பையும் குறிக்கும். பழைய ஆங்கில விவிலியத்தின் ஏசாயா 53:5-இல் அச்சொல் தழும்பு என்னும் பொருளில் வருகிறது. இவர்கள் உடையிலும் கிதாரிலும் டிரம்மிலும் மஞ்சள் கறுப்புக் கோடுகளைத் தீட்டி, பெயர்ச்சின்னத்தின் கீழே அவ்வசன எண்ணையும் பொறித்தனர். முதல் இசைத்தட்டு 1984-இல் வெளிவந்தது. 1986-இல் வந்த ‘டு ஹெல் வித் த டெவில்’ அமெரிக்காவில் மட்டும் 10 லட்சம் படிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. கிறிஸ்தவ மெட்டல் இசையில் அதற்குமுன் எந்தத் தட்டும் எட்டாத எண்ணிக்கை அது.

ஆயினும், இக்குழுவின் அன்பர்கள் ஒருவரோடொருவர் கூடும்போது இசைத்தட்டுகளைக் காட்டிலும் மேடை நிகழ்ச்சிகளைப் பற்றியே மிகுதியாகப் பேசுவர் என்றார் இளைஞர். யார் எந்த ஊரில், எந்த ஆண்டில், எவ்வளவு முன்வரிசையில் நின்று பார்த்தார் என்பதே அவர்களுக்குள் அறிமுகம். ஆடுதுறைக் கச்சேரியையும் திருவையாற்று உற்சவத்தையும் நம் பெரியவர்கள் நினைவுகூர்வது போன்றதே இதுவும்.

அவர்கள் சொல்வன யாவை? விளக்குகள் எரிந்தவுடன் மேடை முழுதும் பெருங்குளவிக் கூடு போல மஞ்சளும் கறுப்புமாகத் தெரிந்ததை முதலில் சொல்வர். பிற குழுக்களில் டிரம் அடிப்பவர் தம் கருவிகளுக்குப் பின்னே மறைந்திருப்பார். ராபர்ட் ஸ்வீட்டோ தம் கருவிகளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, கைகால்களின் அசைவு முழுதும் அவையோர்க்குத் தெரியுமாறு அமர்வார். இரண்டு கிதார்கள் ஒரே மெட்டை வெவ்வேறு சுரத்தில் இணைத்து வாசிப்பதையும், மைக்கேல் ஸ்வீட்டின் குரல் எட்டும் உயரத்தையும் விரித்துரைப்பர். முடிவில், மேடையிலிருந்து புதிய ஏற்பாடுகள் கூட்டத்துள் பறந்து வந்த கணத்தைச் சொல்வர். அதைப் பிடித்தவர் பேச்சில் பெருமிதம். பிடிக்காதவர் பேச்சில் இன்றும் ஏக்கம்.

நேரில் காண இயலாதவர்களும் உண்டு. 1985-இல் டோக்கியோவில் இக்குழு நடத்திய நிகழ்ச்சி படமாக்கப்பட்டு ஒளிநாடாவாக வெளிவந்தது. கச்சேரி எட்டாத ஊர்களில் வாழ்ந்தோர் அதனைப் போட்டுப் போட்டுப் பார்த்தே மனப்பாடம் செய்தனர்.

இவ்வளவு இன்பமும் எளிதில் வாய்த்ததன்று. அரங்குக்குச் செல்லும் வழியிலேயே கண்டன அட்டைகளை ஏந்திய கிறிஸ்தவர்கள் நின்றதுண்டு. இவ்விசை சாத்தானுடையது, அதற்குள் இறைவன் பெயரை இடுவது நிந்தனை என்பது அவர்கள் வாதம். அரங்கினுள் புகுந்தாலோ, ஹெவி மெட்டல் பிரியர்களின் ஏளனம் காத்திருக்கும். பிரசங்கம் கேட்கவா காசு கொடுத்து வந்தோம் என்பது இவர்கள் கேள்வி. கோயிலில் ‘உலகத்தான்’ என்று பெயர். நண்பர் நடுவில் ‘சாமியார்’ என்று பெயர். இரண்டு பக்கத்தாலும் தள்ளப்பட்ட ஓர் இளைஞன், அந்த இரண்டு மணி நேரம் மட்டும் எவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையின்றி நிற்க முடிந்தது. பிறர் நினைவுகளைக் கேட்கும்போதெல்லாம் தமக்குப் புலப்பட்டது இதுவே என்றார் நம் நண்பர். பாட்டினும் பெரிதாக அவர்கள் நெஞ்சில் நிற்பது இந்த ஆறுதல்தான் என்று நாமும் எண்ணுகிறோம்.

இவ்வழக்கில் ஒரு விந்தை உண்டு. அக்காலத்தில் தொலைக்காட்சி வழியே பெரும்புகழ் பெற்றிருந்த போதகர் ஜிம்மி ஸ்வாகர்ட் இக்குழுவைக் கடுமையாகச் சாடினார். கச்சேரியில் வேதப்புத்தகம் எறிவது, பன்றிகளின்முன் முத்துக்களைப் போடுவதற்கு ஒப்பாகும் என்றார். ஸ்வீட் உடன்பிறந்தாரும் அவர்தம் பெற்றோரும் 1975-இல் கிறிஸ்துவைப் பற்றிக்கொண்டதோ, அதே ஸ்வாகர்ட்டின் தொலைக்காட்சிப் பிரசங்கத்தைக் கேட்டுத்தான்! தாம் விதைத்த விதை வேறொரு நிலத்தில் வேறொரு நிறத்தில் பூத்ததை விதைத்தவரே அறிந்துகொள்ளவில்லை.

அன்பர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு இல்லாமலில்லை. 1990-இல் வந்த ‘அகெய்ன்ஸ்ட் த லா’ என்னும் தட்டில் மஞ்சள் கறுப்பு உடை போயிற்று; பாட்டுகளில் இறைவன் பெயரும் வெளிப்படையாக இல்லை. குழு முதிர்ச்சி பெற்றது என்றனர் சிலர். வாக்குத் தவறியது என்று வருந்தினர் பலர். 1992-இல் மைக்கேல் ஸ்வீட் விலகினார்; குழு சிறிது காலத்தில் கலைந்தது. 2003-இல் மீண்டும் ஒன்றுகூடி அமெரிக்காவெங்கும் பயணம் செய்தபோது, அரங்குக்கு வந்தோர் பலர் நரைத்திருந்தனர். தம் பிள்ளைகளையும் கைப்பிடித்து அழைத்து வந்திருந்தனர். 2017-இல் டிம் கெய்ன்ஸ் விலக, பெர்ரி ரிச்சர்ட்சன் அவ்விடத்துக்கு வந்தார். புதியவர் வந்தபின் முன்போல் இல்லை என்பாரும், முன்னினும் நன்று என்பாரும் இருக்கிறார்கள். எந்தக் கச்சேரி உலகிலும் இது உள்ளதே.

இனி, தாயாரின் பக்கத்தையும் நடுநிலையோடு கேட்டல் வேண்டும். மறைநூல் காலில் மிதிபடக் கூடாதென்ற அவரது அச்சம் வெற்று அச்சமன்று. நெருக்கடியில் விழுந்த புத்தகம் மிதிபடாமல் இருந்திருக்குமா? ஒலியைப் பற்றிய அவரது கவலையும் நியாயமானதே. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம்வரை தாங்கலாம் என்று வரையறுக்கும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வாளர்கள், 100 டெசிபெல்லுக்கு அளிக்கும் நேரம் 15 நிமிடமே. இத்தகைய கச்சேரிகளில் ஒலி அவ்வளவை எட்டுவது எளிது. காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு செல்வதில் எந்த இழுக்கும் இல்லை என்பதை இளைஞர்கள் மனங்கொள்வாராக.

ஆனால் ‘இந்த இசை இறைவனுக்கு ஆகாது’ என்ற ஒன்றில் மட்டும் நாம் தாயாரோடு உடன்பட இயலவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் தம் வீட்டில் அவர் பாடும் கீர்த்தனைகள் யாருடையவை என்று கேட்டோம். “தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாடியவை” என்றார். சாஸ்திரியார் 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்தவர். அரசவைகளிலும் திருக்கோயில்களிலும் ஆடப்பட்ட குறவஞ்சி என்னும் வடிவத்தை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். அவர் காலத்திலேயே, பின்னர் வந்த மிஷனரிமார் சிலர் ஆராதனையில் தமிழ்ப் பாட்டுமுறை ஆகாதென்று தடுக்க முயன்றனர். சாஸ்திரியார் அதனை எதிர்த்து எழுதி வாதாடினார். இன்று அவர் பாட்டு ஒலிக்காத தமிழ்த் திருச்சபை உண்டோ? அன்று அந்நியமாகத் தோன்றியது இன்று அம்மையாரின் பூர்வீகச் சொத்தாகிவிட்டது.

இதனால் ஸ்டிரைப்பர் பாட்டும் சாஸ்திரியார் கீர்த்தனையும் ஒன்றென்று நாம் கூற வரவில்லை. கலைநயத்தைக் காலம் எடைபோடட்டும். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகள் நாமறியாத அரங்குகளில் நின்று நாமறியாத பாட்டுகளைக் கேட்பது இனித் தவிர்க்கவொண்ணாதது. ‘அங்கே ஏன் போனாய்?’ என்று கேட்பதற்கு முன் ‘அங்கே என்ன கண்டாய்?’ என்று கேட்கும் பெற்றோருக்கு, பிள்ளை தன் பெட்டியை மறைத்து வைக்கும் தேவை இராது.

அன்று மாலை தாயார் அந்தக் கேள்வியைக் கேட்டார். மகன் தாம் கண்டதைச் சொன்னார்: இறுதிப் பாட்டு முடிந்ததும் குழுவினர் மேடையிலேயே தலைகுனிந்து ஜெபித்ததையும், அதுவரை கூச்சலிட்ட கூட்டம் அமைதியானதையும், பக்கத்தில் நின்ற முன்பின் அறியாத முதியவர் ஒருவர் தம் தோளில் கை வைத்ததையும் சொன்னார். அந்நாட்டுக்குப் போய் ஓராண்டாகியும் அன்றுதான் முதன்முறையாகத் தாம் தனியாக இல்லை என்று தோன்றியது என்றார்.

தாயார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் மேசைமீதிருந்த சிறு புத்தகத்தை எடுத்து, முந்தானையால் ஒருமுறை துடைத்துத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார். “எறிந்தது தப்புத்தான், தம்பி, நீ பிடித்தது தப்பில்லை” என்றார். பாட்டைக் கேட்க மட்டும் இன்றுவரை அவர் இசையவில்லை.

இதுபோன்று தம் பிள்ளைகளின் பெட்டியிலோ பேச்சிலோ தமக்கு விளங்காத ஒன்றைக் கண்ட பெற்றோரும், பெற்றோர்க்கு விளக்க இயலாமல் தவிக்கும் இளைஞரும் நமக்கு எழுதுவார்களாக. அடுத்த திங்கள் சந்திப்போம்.