ஆசிரியர் முதலில் மாணவராகுக!

நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை நீண்டு கிடக்கும் கடற்கரையிலே, பாட்டனார் தமிழிற் பேசிய பல கிராமங்களில் இன்று பேரர்கள் சிங்களமே பேசுகின்றனர். இம்மாற்றத்தை எந்தப் படையும் வந்து செய்யவில்லை. பாடசாலைகளின் போதனாமொழி மாறிற்று; சில தலைமுறைகளுக்குள் வீட்டு மொழியும் மாறிற்று. உடப்பு போன்ற ஒரு சில ஊர்களே இன்றும் தமிழைப் பேணி நிற்கின்றன.

இவ்வரலாற்றை அறிந்தவர்களிடம், "இடைநிலைப் பாடசாலை ஆசிரியர்களுக்குப் பிற சமூகத்தாரின் மொழியையும் வாழ்வையும் பயிற்றுவிக்க வேண்டும்" என்று கூறினால், அவர்கள் ஐயுறுவது இயல்பே. "இருப்பதையும் இழக்கவா இந்த யோசனை?" என்று கேட்பர். பிற மொழியைக் கற்பது வேறு. தன் மொழியிற் கற்கும் வாய்ப்பை இழப்பது வேறு. இக்கரையைக் கரைத்தது இரண்டாவதே, முதலாவது அன்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகள் இரண்டில் எதன் மூலமும் கல்வி பெறும் உரித்தை வழங்குகிறது. 1987இல் நிறைவேறிய 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆனால் சட்டம் தானாக வகுப்பறைக்கு நடந்து செல்வதில்லை. ஆசிரியரே அதனைக் கொண்டு செல்ல வேண்டும்.

அவ்வாசிரியர் புத்தளத்தை அறிவாரா? இங்கே தமிழ் பேசுவோர் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர் அல்லர். இந்துக்கள், கத்தோலிக்கர், முஸ்லிம்கள் என மூன்று மரபினர் அடுத்தடுத்து வாழ்கின்றனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலோர் வந்தடைந்ததும் இம்மாவட்டமே. தமிழராகிய நாம் வெட்கத்தோடு நினைவுகூர வேண்டிய நிகழ்ச்சி அது. அக்குடும்பத்துப் பிள்ளைக்கு வரலாறு கற்பிக்க யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் நியமனம் பெற்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவர் மொழியும் தமிழே. எனினும் அப்பிள்ளையின் பாட்டி எதைச் சுமந்து வந்தாள் என்பதை அறியாத ஆசிரியர், அவ்வகுப்பில் அந்நியரே.

கடலோரப் பாடசாலைகளிலும் இதுவே நிலை. தென்மேற் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரை மீனவர் கிழக்குக் கரைக்குச் சென்று வாடியமைத்துத் தொழில் செய்வது பழைய வழக்கம். இதனை அறியாதவருக்கு, வகுப்புக்கு வராத பிள்ளை சோம்பேறியாகவே தோன்றும். கற்பிட்டி மணலில் வெங்காயம் நடும் விவசாயி கிணற்று நீரின் உவர்ப்பைப் பாராமல் நடுவாரா? மண்ணுக்குக் காட்டும் கவனத்தை நம் மக்களுக்குக் காட்ட வேண்டாமா?

தேசிய கல்வியியற் கல்லூரிகளின் பயிற்சி மூன்று ஆண்டுகள் கொண்டது. இரண்டு ஆண்டுகள் கல்லூரியிலும் மூன்றாம் ஆண்டு பாடசாலையிலும் கழிகின்றன. அம்மூன்றாம் ஆண்டில் ஒரு தவணையையாவது பிற சமூகத்தார் பாடசாலையிற் கழிக்கச் செய்க. 2007 ஜூலை 1க்குப் பின் அரச சேவையிற் சேர்வோர் இரண்டாம் அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விதி. அத்தேர்ச்சி தாளில் எழுதும் பரீட்சையோடு நில்லாது, பெற்றோரோடு உரையாடும் திறமாக வளரட்டும். சமூக ஒற்றுமைக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கை 2008இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. புதிய கொள்கை வேண்டியதில்லை. இருப்பதை நிறைவேற்றும் மனமே வேண்டும்.

இது ஒருவழிப் பாதையாதல் கூடாது. சிலாபத்துச் சிங்களப் பாடசாலையிற் கற்பிப்பவரும் தமிழ் கற்க வேண்டும். தம் மாணவரிற் பலருடைய மூதாதையர் பேசிய மொழி அது என்பதையும் அறிய வேண்டும். நாம் மாத்திரம் கற்றுக்கொண்டிருப்பது நட்பாகாது, அடங்கிப்போதலே ஆகும்.

படித்தவர்களே, உங்கள் ஊர்ப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இக்கோரிக்கையை எழுப்புங்கள். விவசாயப் பெருமக்களே, பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியருக்கு, அவர் எந்த இனத்தவராயினும், ஒரு தவணைக்கு உங்கள் வீட்டுத் திண்ணையில் இடங்கொடுங்கள். உங்கள் பிள்ளையை அவர் அறிந்துகொள்ளட்டும், பின்னர் கற்பிக்கட்டும்.