கண்ணகிக்கு நோட்ஸ் போட்டுக் கொடுத்தது யார்?

மதுரை–

பிளஸ்–2 ஆங்கிலப் பரீட்சை முடிகிற அன்று எந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றாலும் ஒரு புலம்பல் காதில் விழும்.

"மரம் வளர்ப்போம் கட்டுரையை நெட்டுரு போட்டு வச்சிருந்தேன்டா. வேற தலைப்பு வந்துருச்சு. விடுவேனா? அதையே எழுதிட்டு வந்துட்டேன்!"

கூட இருக்கும் பையன்கள் சிரிப்பார்கள். பெற்ற வயிறு பற்றி எரியும்.

2019–ம் ஆண்டு தேர்வில் இருந்து பிளஸ்–2 ஆங்கிலத்துக்கு ஒரே தாள்தான். எழுத்துத் தேர்வு 90 மார்க். அதில் ஐந்து மார்க் கேள்விகள் ஏழு. ஆக 35 மார்க். பத்தி பத்தியாகச் சொந்தமாக எழுத வேண்டிய இடம் இதுதான். நெட்டுரு போட்ட பிள்ளைகள் குப்புற விழுகிற இடமும் இதுதான்.

மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமங்களில் இருந்து பஸ் பிடித்து வரும் மாணவ–மாணவிகளுக்கு வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லை. நோட்ஸ் புத்தகம்தான் துணை. நடுவில் ஒரு வார்த்தை மறந்து போனால் கட்டுரை மொத்தமும் சரிந்து விடும். சீட்டுக்கட்டு மாளிகை மாதிரி!

வாய் இல்லாத ஊரா?

இதில் வேடிக்கை என்னவென்றால், வாதம் பண்ணுவதில் மதுரைக்காரனை ஜெயிக்க ஆள் கிடையாது. பட்டிமன்றத்துக்குப் பேர் போன ஊர் இது. அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்த சாலமன் பாப்பையா, நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தே உலகத் தமிழர்களுக்கு அறிமுகமானார். 2021–ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கட்டுரைக்குத் தேவையானதும் பட்டிமன்றப் பேச்சுக்குத் தேவையானதும் ஒன்றேதான். ஒரு கட்சி, அதற்குக் காரணம், ஒரு சாட்சி, எதிராளிக்குப் பதில்.

அதற்கும் முன்னால், இதே மதுரையில் ஒரு பெண் வழக்காடி ஜெயித்திருக்கிறாள். பாண்டியன் சபைக்குள் வந்த கண்ணகி எடுத்த எடுப்பில் ஒப்பாரி வைக்கவில்லை. புறாவுக்காகச் சதையை அறுத்துக் கொடுத்த மன்னனும், கன்றுக்குட்டிக்காக மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனும் ஆண்ட புகார் நகரம் என் ஊர் என்றாள். நியாயம் தெரிந்த ஊர்க்காரி பேசுகிறாள் என்று சபைக்குப் புரிந்து விட்டது. அடுத்து, கணவனைப் பறிகொடுத்த துயரத்தைச் சொன்னாள். கடைசியில் சாட்சி. என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்றாள். அரசியின் சிலம்பில் இருப்பதோ முத்து. உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. வழக்கு முடிந்தது!

கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பு வகுத்துச் சொன்னதும் இந்த மூன்றைத்தான். பேசுகிறவர் மேல் நம்பிக்கை, மனதைத் தொடும் உணர்ச்சி, மறுக்க முடியாத நியாயம்.

ஐந்து வார்த்தை போதும்

பரீட்சைக்கு முந்தின வாரம் இருபது கட்டுரைகளைத் திரும்பத் திரும்ப உருப்போடுவதை விட, ஐந்து ஆங்கில வார்த்தைகளைப் பிடித்துக் கொள்ளலாம். பிகாஸ், ஃபார் எக்ஸாம்பிள், சம் பீப்பிள் சே, பட், தேர்ஃபோர்.

தலைப்பு வைகை ஆறு என்று வைத்துக் கொள்வோம். ஆற்றில் சாக்கடை விடக்கூடாது. இது கட்சி. பிகாஸ் போட்டுக் காரணம்: ஆறு கெட்டால் கரையோரக் கிணறும் கெடும். ஃபார் எக்ஸாம்பிள் என்று சாட்சி: சித்திரைத் திருவிழாவில் லட்சம் லட்சமாக ஜனங்கள் கூடி அழகரைக் கும்பிடுகிற இதே ஆற்றில்தான் கழிவுநீரும் கலக்கிறது. சம் பீப்பிள் சே என்று எதிர்க்கட்சி: மழை இல்லை, காய்ந்த ஆறுதானே? பட் போட்டுப் பதில்: காய்ந்தது வானத்தால், நாறுவது நம்மால். தேர்ஃபோர் போட்டு முடிவு. சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். தலைப்பு எது வந்தாலும் இந்த ஏணி தாங்கும்.

"அதெல்லாம் பேசுறதுக்கு நல்லா இருக்கும் சார். பாஸ் பண்ண வைக்கணுமே" என்று வாத்தியார்கள் சொல்வார்கள். அவர்கள் கஷ்டமும் நியாயம்தான். வார்த்தையும் எழுத்துக்கூட்டலும் மனப்பாடம் பண்ண வேண்டியவையே. ஆனால் கருத்தை யாரும் மனப்பாடம் பண்ண முடியாது. வகுப்பில் பத்து நிமிஷம் தமிழிலேயே இரண்டு கட்சியாகப் பேச விட்டு, கரும்பலகையில் பாயிண்ட்டை எழுதிப் போட்டு, அப்புறம் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் என்ன நஷ்டம்?

மார்க்கோடு முடிகிற சங்கதி இல்லை இது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போனால் தெரியும். சொந்தக் குறையைச் சொந்தக் கையால் எழுதத் தெரியாமல் காசு கொடுத்து மனு எழுதி வாங்கும் ஜனங்கள் இன்றும் உண்டு. 2004–ல் ஒத்தக்கடை பக்கம் ஐகோர்ட்டு கிளை வந்தது. அங்கே வழக்கும் தீர்ப்பும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. நாளைக்கு நம் பிள்ளை அங்கே போய் நின்றால், நெட்டுருப் போட்ட மரம் வளர்ப்போம் கட்டுரையா கை கொடுக்கும்?

கண்ணகிக்கு யாரும் நோட்ஸ் போட்டுக் கொடுக்கவில்லை. கையில் சிலம்பு இருந்தது. அதை எப்போது உடைப்பது என்று தெரிந்திருந்தது. நம் பிள்ளைகள் கையிலும் சிலம்பு இருக்கிறது. உடைக்கச் சொல்லிக் கொடுப்பார்களா?